மூன்று ஆலோசகர்கள், மூன்று கோப்புகள்: ஊழியர் நலன்களுக்கு யாரை வைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். டர்பனில் மசாலாப் பொடி அரைத்துப் பொதி செய்யும் கம்பெனி, 45 தொழிலாளர்கள். பிராவிடன்ட் ஃபண்ட், குழு உயிர்க் காப்பீடு, மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டம்) மூன்றையும் கவனிக்க ஓர் ஆலோசகர் வேண்டும். மூன்று பேர் வந்து ஆளுக்கொரு கோப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருடைய பிரீமியம் மற்றவர்களுடையதில் பாதிதான். இதில் யார் நல்லவர், எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விலைப் பட்டியலை ஒப்பிடும் கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு: ஒரு தொழிலாளி இறந்த மறுநாள் அவருடைய மனைவி உங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்கும்போது, இந்த மூன்று பேரில் யார் போனை எடுப்பார், எடுத்தால் என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? அதற்குக் கோப்பில் பதில் இருக்காது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு.

முதலில் காகித வேலை, அது சீக்கிரம் முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் நிதி ஆலோசனை சொல்பவர் நிதி ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 2002ஆம் ஆண்டின் ஃபெய்ஸ் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். உரிம எண்ணை வாங்கி, நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.சி.ஏ. அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். உரிமம் இருக்கிறதா என்பதோடு நிற்காதீர்கள், எந்தெந்த வகைக்கு இருக்கிறது என்று பாருங்கள். தனிநபர் ஓய்வூதியத் திட்டங்களுக்கு ஒரு வகை, கம்பெனி ஃபண்டுகளுக்கு வேறொரு வகை. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பேச வருபவர்கள் உண்டு. மெடிக்கல் எய்ட் பற்றிப் பேசுபவருக்கு இதோடு, அந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸின் தனி அங்கீகாரமும் வேண்டும். சி.எஃப்.பி. பட்டம் இருந்தால் நல்லது, ஆனால் அது தனிநபர் நிதித் திட்டமிடலில் தேர்ச்சியைத்தான் காட்டும். 45 பேருடைய சம்பளப் பட்டியலை மேய்க்கத் தெரியுமா என்பதற்கு அது சாட்சியாகாது.

அடுத்து, நல்ல ஆலோசகர் விற்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி: "உங்கள் தொழில் ஏதாவது பேரப்பேச்சு மன்றத்தின் கீழ் வருகிறதா?" பார்கெயினிங் கவுன்சில் என்று நாம் சொல்வதுதான், ஒரு தொழிலின் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒப்பந்தம் போடும் அமைப்பு. தையல் ஆலை, உலோகப் பட்டறை போன்ற தொழில்களில் மன்ற ஒப்பந்தமே எந்த ஃபண்டில் சேர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கும். காவலாளி நிறுவனங்களுக்கும் தனியாக ஒரு கட்டாய ஃபண்ட் உண்டு. இதைக் கேட்காமல் புதிய ஃபண்டை விற்றுவிட்டால், பின்னால் மன்றம் பழைய பாக்கியைக் கேட்டு வரும்போது முதலாளி இரண்டு இடத்திலும் கட்ட நேரிடும். மசாலா பொதி செய்யும் தொழிலுக்கு இது பொருந்தாமல் போகலாம், ஆனாலும் அவர் கேட்டாரா என்பதைக் கவனியுங்கள். கேட்காதவர் மற்றவற்றையும் கேட்டிருக்க மாட்டார்.

பிறகு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டைப் பெயரை மறைத்துக் கையில் கொடுத்து, "இந்தப் பணம் எங்கே போகிறது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உதாரணமாக மாதச் சம்பளம் 10,000 ரேண்ட், தொழிலாளி 7.5%, கம்பெனி 7.5%, மொத்தம் 1,500 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். இதில் உயிர், ஊனக் காப்பீட்டுக்கு 2.5%, அதாவது 250 ரேண்ட். நிர்வாகச் செலவு 0.8%, 80 ரேண்ட். ஆலோசகர் கட்டணம் 0.5%, 50 ரேண்ட். ஓய்வுக்காக உண்மையில் சேர்வது 1,120 ரேண்ட், 11.2%. 15% சேர்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான். சொல்லத் துணிபவரும் சொல்லத் தெரிந்தவருமே வேண்டும்.

அந்த 1,120 ரேண்ட், 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'இரு பானை' முறைப்படி இரண்டாகப் பிரிகிறது. மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 373 ரேண்ட், சேமிப்புப் பானைக்கு. மீதி 747 ரேண்ட் ஓய்வுப் பானைக்கு. சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்க வேண்டும். ஓய்வுப் பானையை வேலையை விட்டாலும் ஓய்வு வயதுவரை தொட முடியாது. செப்டம்பருக்கு முன் சேர்ந்தது பழைய விதிப்படியே தனியாக நிற்கும். அதில் 10%, அதிகபட்சம் 30,000 ரேண்ட், ஒரே தடவையாகச் சேமிப்புப் பானைக்கு மாற்றப்பட்டது. இத்தனையும் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் கிடைக்கும். ஆலோசகரின் தரம் தெரிவது அதற்குப் பிறகுதான். எடுக்கும் பணம் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்தில் வெட்டுப்படும். வரித்துறைக்குப் பழைய பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். நிர்வாகி ஒரு கட்டணம் எடுப்பார். 20,000 கேட்டவர் கையில் 15,000 வந்தால் கோபம் உங்கள் மேல்தான் பாயும். ஜனவரியில் பள்ளிச் செலவு, மார்ச்சில் புதிய வரி ஆண்டு என்று எந்த மாதங்களில் கூட்டம் மொய்க்கும் என்று தெரிந்து, முன்கூட்டியே வந்து தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போகிறவர் நல்லவர். டர்பனில் அந்தப் பேச்சு ஜூலு மொழியிலும் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்லைடு காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவதை நான் விளக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை.

இனி சாவு. நல்ல ஆலோசகரும் சுமாரான ஆலோசகரும் பிரியும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1956ஆம் ஆண்டின் பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தில் 37சி என்று ஒரு பிரிவு. ஃபண்டில் உள்ள பணம் இறந்தவர் படிவத்தில் யார் பெயரை எழுதினாரோ அவருக்கு நேராகப் போய்விடாது. ஃபண்டை நடத்தும் அறங்காவலர்கள், இறந்தவரை நம்பியிருந்தவர்கள் யார் யார் என்று தேடிப் பிடித்து, அவர்களுக்குள் நியாயமாகப் பிரிக்க வேண்டும். படிவம் அவர்களுக்கு வழிகாட்டி மட்டுமே. உயிலும் இங்கே செல்லாது.

நம் சமூகத்தில் இது எப்படி வந்து சிக்கும் என்று பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒருவர். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், அரசின் ஹோம் அஃபேர்ஸ் துறையில் பதியவில்லை. வேலையில் சேர்ந்தபோது, கல்யாணத்துக்கு முன், படிவத்தில் அம்மா பெயரை எழுதினார், பிறகு மாற்றவே இல்லை. முந்தைய உறவில் ஒரு பிள்ளை, அதற்கு மாதாமாதம் பணம் போகிறது. ஆள் இறந்துவிட்டார். "பதிவு இல்லை, அதனால் மனைவிக்கு ஒன்றும் கிடைக்காது" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லி அனுப்பினால் அது தவறு. பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டம் வாழ்க்கைத் துணை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் மத முறைப்படி நடந்த திருமணமும் அடங்கும், நிரந்தர வாழ்க்கைத் துணையும் அடங்குவார். அந்தப் பிள்ளையும் சார்ந்தவர்தான். அம்மாவுக்கு அவர் மாதம் கொடுத்து வந்தார் என்றால் அம்மாவும் சார்ந்தவர். எத்தனை பங்கு என்பது வயது, உறவு, எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பதையெல்லாம் பார்த்து அறங்காவலர்கள் எடுக்கும் முடிவு.

இந்த நேரத்தில் ஆலோசகர் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. முதல் வாரத்திலேயே இறப்புச் சான்றிதழ், இறப்பை அறிவிக்கும் டி.எச்.ஏ. 1663 படிவம், அடையாள அட்டை நகல்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். பதிவில்லாத திருமணத்துக்கு ஐயரின் கடிதம், இரு வீட்டாரின் சத்தியக் கடிதங்கள், ஒரே முகவரியில் வாழ்ந்ததற்கான ரசீதுகள் போன்றவை உதவும் என்று இறந்தவரின் மனைவிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சார்ந்தவர்களைத் தேடுவதற்குச் சட்டம் பேசும் 12 மாதத்தை ஒரு காத்திருப்புக் காலமாக எடுத்துக்கொண்டு எல்லாரும் கை கட்டி உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. விசாரணை முடிந்து எல்லாச் சார்ந்தவர்களும் தெரிந்துவிட்டால் அதற்கு முன்பே பிரித்துக் கொடுக்கலாம். முடியவில்லை என்றால் 12 மாதத்தைத் தாண்டியும் போகலாம். அறங்காவலர்களின் முடிவில் திருப்தி இல்லாதவர் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜூடிகேட்டரிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொரு கண்ணி. குழு உயிர்க் காப்பீடு ஃபண்டுக்குள்ளே இருந்தால் அந்தப் பணமும் 37சி வழியாகத்தான் போகும். கம்பெனியின் பெயரில் ஃபண்டுக்கு வெளியே இருந்தால் 37சி அங்கே இல்லை, படிவத்தில் உள்ள பெயருக்கே போகும். வரியும் மாறும்: உள்ளே இருந்தால் கிடைக்கும் தொகைக்கு ஓய்வுத் தொகை வரிப் பட்டியல்படி வரி, வெளியே இருந்தால் கம்பெனி கட்டும் பிரீமியம் தொழிலாளியின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு மாதாமாதம் வரி போகும், கிடைக்கும் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆக, சில கம்பெனிகளில் ஒரே ஆளுக்கு இரண்டு படிவங்கள் தேவை. ஒன்றை நிரப்பிவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். உங்கள் மூன்று பேரிடமும் "எங்கள் காப்பீடு உள்ளேயா வெளியேயா, ஏன்?" என்று கேளுங்கள். ஏன் என்பதற்கு வரும் பதிலிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

உடல் முடியாமல் போகும் தொழிலாளியின் கதை சாவைவிடச் சிக்கலானது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி 36 மாதச் சுழற்சியில் 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஊன வருமானக் காப்பீடு பெரும்பாலும் மூன்று மாதமோ ஆறு மாதமோ காத்திருந்த பிறகுதான் பணம் தரத் தொடங்கும். முப்பது நாள் தீர்ந்த பிறகு மூன்றாம் மாதம் முடியும்வரை சோற்றுக்கு என்ன வழி? அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப். தரும் நோய்க்கால உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்பவர் ஆலோசகர். இதைவிட மோசமானது, ஆள் வரவில்லை என்று முதலாளி வேலையிலிருந்து நீக்கிவிட்டு அதற்குப் பிறகு கிளெய்ம் போடுவது. வேலை முடிந்த நாளில் பெரும்பாலும் காப்பீடும் முடிகிறது. நீக்கும் விசாரணைக்கு முன்பே கிளெய்ம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுக்க எத்தனை மாதக் கெடு என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், ஆகவே அந்தத் தேதியை உங்கள் மனிதவளப் பெண்ணின் மேசையில் ஒட்டிவைக்கச் சொல்பவரை நம்பலாம்.

இப்போது அந்தப் பாதி விலை பிரீமியம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் விலை குறைந்தால் எங்கோ ஏதோ குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு தேடுவதே சரி. சாவுக்கு ஆண்டுச் சம்பளத்தின் மூன்று மடங்கு இரண்டாகியிருக்கலாம். ஊன வருமானம் 75%இலிருந்து 60%ஆகியிருக்கலாம். காத்திருப்பு மூன்று மாதம் ஆறாகியிருக்கலாம். 'தன் வேலையைச் செய்ய முடியாவிட்டால்' என்ற சொற்கள் 'எந்த வேலையும் செய்ய முடியாவிட்டால்' என்று மாறியிருக்கலாம். மாவு அரைக்கும் ஆளின் முதுகு போனால் முந்தையதில் பணம் உண்டு, பிந்தையதில் "உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கலாமே" என்று சொல்லிவிட முடியும். விலை எத்தனை மாதத்துக்கு உறுதி என்றும் கேளுங்கள். முதல் ஆண்டு ஆசை காட்டி இரண்டாம் ஆண்டு ஏற்றுவது பழைய வித்தை.

காப்பீட்டு நிறுவனம் மாறும் நாளில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய நிறுவனம் அந்த நாளில் வேலையில் இருப்பவர்களை மட்டுமே ஏற்கும் என்று நிபந்தனை போடும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை என்று ஆகிவிடலாம். மாற்றச் சொல்பவர், விடுப்பில் இருப்பவர்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, இரு நிறுவனங்களிடமிருந்தும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கித் தர வேண்டும். வாய்மொழி உறுதி இங்கே உதவாது. அதேபோல மேலாளர்களைப் பாதிக்கும் இன்னொன்று, மருத்துவப் பரிசோதனை இல்லாமல் எவ்வளவு தொகைவரை காப்பீடு தருவார்கள் என்ற வரம்பு. ஒரு பேச்சுக்கு அந்த வரம்பு 15 இலட்சம் ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 60,000 ரேண்ட் வாங்குபவருக்கு மூன்று மடங்கு என்றால் 21,60,000. பரிசோதனை செய்யாவிட்டால் 6,60,000 ரேண்ட் காகிதத்தில் மட்டுமே இருக்கும். சம்பளம் ஏறும்போது யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை வரம்பைத் தாண்டியவர்களின் பெயர்களை ஆலோசகர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மாதாந்தரப் பட்டியல் சலிப்பான விஷயம், ஆனால் வழக்குகள் அதிலிருந்துதான் பிறக்கின்றன. பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி, பிடித்த பணம் மாதம் முடிந்த ஏழு நாட்களுக்குள் ஃபண்டின் கணக்கில் இருக்க வேண்டும், விவரப் பட்டியல் பதினைந்து நாட்களுக்குள். தாமதித்தால் வட்டி. கட்டாமலே விட்டால் அது குற்றம், நிதி நிர்வாகத்தில் ஈடுபட்டிருக்கும் இயக்குநர்கள் சொந்தமாகவே பொறுப்பாவார்கள். கம்பெனி என்ற திரைக்குப் பின்னால் ஒளிய முடியாது. பட்டியலில் பழுது எங்கே வரும்? புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு மாதம் கழித்து ஏறுகிறார், அடையாள எண்ணில் ஓர் இலக்கம் பிசகுகிறது, விலகியவருக்கு இன்னும் பிரீமியம் போகிறது, காப்பீட்டுக்கான சம்பளம் ஏற்றத்துக்கு முந்தைய தொகையிலேயே நிற்கிறது. நல்ல ஆலோசகர் காலாண்டுக்கொருமுறை சம்பளப் பட்டியலையும் ஃபண்டின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். செய்கிறாரா என்று அறிய, அவருடைய வேறொரு வாடிக்கையாளரின் சம்பள எழுத்தரிடம் பேசுங்கள். முதலாளியிடம் பேச வேண்டாம், அவருக்குத் தெரியாது.

மெடிக்கல் எய்ட் பற்றிச் சுருக்கமாக. கம்பெனியே திட்டம் மாற்றினால் தொழிலாளர்களுக்குக் காத்திருப்புக் காலம் போடக்கூடாது, ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆண்டுத் தொடக்கத்தில் மாறுவதை ஒட்டி அமைந்தது. ஜூனில் மாறலாம் என்பவரிடம் காரணம் கேளுங்கள். 35 வயதிலோ அதற்கு மேலோ புதிதாகவோ, இடையில் விட்டுவிட்டு மறுபடியுமோ சேர்பவருக்குத் தாமதக் கட்டணம் உண்டு. 52 வயதானவர், முன்பு 4 ஆண்டு உறுப்பினராக இருந்தவர் என்றால்: 35உம் 4உம் 39, 52இல் கழித்தால் 13 ஆண்டு, அதற்கு 25% கூடுதல், அதுவும் ஆண்டாண்டுக்கும். பழைய உறுப்பினர் சான்றிதழைத் தேடி எடுத்தால் அந்த 25% சிலசமயம் 5%ஆகும். அந்தச் சான்றிதழுக்காகப் பழைய திட்டத்துக்குப் போன் போடும் பொறுமை உங்கள் ஆலோசகருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. இவருக்குத் திட்டம் கொடுக்கும் கமிஷனுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: சந்தாவில் 3%, அல்லது நிர்ணயித்த ரேண்ட் தொகை, எது குறைவோ அது, மேலே வாட்.

கட்டணத்தைச் சதவீதத்தில் கேட்காதீர்கள், ரேண்டில் கேளுங்கள். 45 பேர், சராசரிச் சம்பளம் 9,000 என்றால் மாதச் சம்பளம் 4,05,000. அதில் 0.5% மாதம் 2,025 ரேண்ட், ஆண்டுக்கு 24,300. இதற்கு மேல் காப்பீட்டிலும் மெடிக்கல் எய்டிலும் கமிஷன் வருகிறதா, அவருடைய நிறுவனத்துக்கும் அவர் சொல்லும் ஃபண்டுக்கும் சொந்தம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓல்ட் மியூச்சுவல், சன்லாம், மொமென்டம், அலெக்ஸ்ஃபோர்ப்ஸ் என்று பெரிய அம்பிரல்லா ஃபண்டுகள், அதாவது பல கம்பெனிகள் சேர்ந்துகொள்ளும் பொது ஃபண்டுகள், பல இருக்கின்றன. எதைச் சொன்னாலும் குற்றமில்லை, ஒன்றை மட்டுமே சொல்லக் கூடியவர் தன்னைச் சுதந்திர ஆலோசகர் என்று அழைத்துக்கொண்டால்தான் குற்றம். அதே சமயம், ஆண்டுக்கு 24,300 ரேண்டுக்கு மாதம் ஒருமுறை வந்து உட்காருவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆண்டுக்கு நான்கு வருகை, ஒரு ஒப்பீட்டு அறிக்கை, ஒவ்வொரு கிளெய்முக்கும் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள்: இவ்வளவு கேட்கலாம்.

மேலே சொன்னதில் சட்டப் பிரிவுகள், பானைக் கணக்கு, ஏழு நாள் கெடு, தாமதக் கட்டணச் சூத்திரம் இவை எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பிரீமியம் சதவீதங்கள், மருத்துவப் பரிசோதனை இல்லாத வரம்பு, காத்திருப்பு மாதங்கள் இவை உதாரணம், உங்கள் பாலிசியில் வேறாக இருக்கும். ஓய்வு வயது என்ன, முதலீட்டுத் தெரிவு யாருடையது போன்றவற்றை ஃபண்டின் விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் நானோ வேறு யாரோ சொல்லக்கூடாது. வருகை எண்ணிக்கை பற்றியும் யாரை நம்பலாம் என்பது பற்றியும் சொன்னவை என் அபிப்பிராயம்.

கடைசியாக, மூன்று பேரிடமும் ஒரே கோரிக்கையை வையுங்கள்: கடந்த இரண்டு ஆண்டில் நிராகரிக்கப்பட்ட ஒரு கிளெய்மைப் பெயர் இல்லாமல் விவரிக்கச் சொல்லுங்கள், ஏன் நிராகரித்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. "எங்களிடம் எதுவும் நிராகரிக்கப்பட்டதே இல்லை" என்று சொல்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு நியமனக் கடிதத்தில், ஒரு மாத அறிவிப்பில் விலக்கலாம் என்றும், விலகும்போது படிவங்களும் பட்டியல்களும் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பாதி விலை சொன்னவரையும் உடனே தள்ளிவிட வேண்டாம். அவருடைய பாலிசி வாசகத்தை முழுதாகக் கேளுங்கள், சுருக்கத்தை அல்ல. மூன்றையும் மேசையில் விரித்து, ஊனம் என்பதற்கான விளக்கம் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள்.